காந்தநாட்டப் பாக்டீரியாக்களின் மின்வேதியியல் செயற்பாடு

காந்தநாட்டப் பாக்டீரியாக்கள் என்பவை தம் உயிரணுவினுள் நுண்ணிய காந்தப் படிகங்களை உருவாக்கி, அவற்றின் துணையுடன் புவியின் காந்தப்புலக் கோடுகளின் வழியே நீந்தும் பாக்டீரியாக்கள் ஆகும். இவை குளம், ஏரி, ஆறு, கடற்கரைக் கழி ஆகியவற்றின் அடிவண்டலிலும், அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும் நீர்நிலைகளிலும் வாழ்கின்றன. இவற்றின் மின்வேதியியல் செயற்பாடு என்பது, இவை தம் சூழலிலுள்ள வேதிப்பொருள்களிலிருந்து எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னிகளைப் பெற்று, வேறு வேதிப்பொருள்களுக்கு வழங்கும் நிகழ்வுகளின் தொகுப்பைக் குறிக்கும். ஆற்றல் பெறுதல், இரும்பைப் படிகமாக்குதல், வாழிடத்தைத் தேர்ந்தெடுத்தல் ஆகிய மூன்றும் இச்செயற்பாட்டைச் சார்ந்தே நடைபெறுகின்றன.

காந்தமும் மின்சாரமும் இயற்பியலில் நெருங்கிய தொடர்புடையவை. எனவே காந்தம் கொண்ட பாக்டீரியா தன் காந்தத்தாலேயே மின்சாரம் உண்டாக்குகிறது என்று கருதப்படுவது உண்டு. இது சரியன்று. காந்தம் இவ்வுயிரிக்குத் திசையைக் காட்டுகிறது. ஆற்றலைத் தருவது எதிர்மின்னிகளின் ஓட்டமே. இவ்விரண்டும் எங்கே இணைகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்டுபிடிப்பு

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால்வத்தோரே பெல்லினி, 1963 ஆம் ஆண்டில் நன்னீர் மாதிரிகளில் சில பாக்டீரியாக்கள் எப்போதும் வடக்கு நோக்கி நீந்துவதைக் கண்டு எழுதினார். அவரது குறிப்புகள் அக்காலத்தில் பரவலாக அறியப்படவில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரிச்சர்டு பிளேக்மோர், இதே நிகழ்வைத் தனியாகக் கண்டறிந்து 1975 இல் சயன்சு ஆய்விதழில் வெளியிட்டார். 1979 இல் ரிச்சர்டு பிராங்கெல், பிளேக்மோர், இரால்ஃபு வுல்ஃபு ஆகியோர் உயிரணுவினுள் இருப்பது மேக்னடைட்டு என்னும் இரும்பு ஆக்சைடு என்று காட்டினர். அதே ஆண்டில் தூய வளர்ப்பாகப் பெறப்பட்ட முதல் இனம் பிற்காலத்தில் மேக்னெட்டோஸ்பைரில்லம் மேக்னெட்டோடாக்டிகம் எனப் பெயரிடப்பட்டது. பின்னர் செருமனியின் கிரைப்சுவால்டு நகருக்கு அருகிலிருந்தும், சப்பானிலிருந்தும் பெறப்பட்ட எம்எஸ்ஆர்-1, ஏஎம்பி-1 ஆகிய வகைகளே இன்றைய ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுகின்றன.

காந்தவுடலம்

இப்பாக்டீரியாக்களில் ஒவ்வொரு காந்தப் படிகமும் கொழுமியத்தாலும் புரதத்தாலும் ஆன ஒரு மென்சவ்வினால் சூழப்பட்டுள்ளது. படிகமும் சவ்வும் சேர்ந்த அமைப்பு காந்தவுடலம் எனப்படும். பெரும்பாலான இனங்களில் படிகம் மேக்னடைட்டினால் ஆனது. கந்தகம் மிகுந்த சூழலில் வாழும் சில இனங்களில் கிரெய்கைட்டு என்னும் இரும்பு சல்பைடு காணப்படுகிறது. படிகங்களின் அளவு பொதுவாக 35 முதல் 120 நானோமீட்டர் வரை இருக்கும். இதைவிட மிகச் சிறிய படிகம் அறை வெப்பநிலையில் நிலையான காந்தமாக இராது. மிகப் பெரிய படிகமோ எதிரெதிர்த் திசைகளில் காந்தமேறிய பல பகுதிகளாகப் பிரிந்துவிடும். இடைப்பட்ட அளவில் மட்டுமே படிகம் முழுவதும் ஒரே காந்தமாக நிலைத்திருக்கும்.

ஒரு படிகம் மட்டும் திசைகாட்டியாகப் பயன்படாது என்பதை எளிய கணக்கால் அறியலாம். பக்கம் 50 நானோமீட்டர் உள்ள கனசதுர மேக்னடைட்டுப் படிகத்தின் காந்தத் திருப்புதிறன் சுமார் 6 × 10⁻¹⁷ ஆம்பியர் சதுர மீட்டர். 50 மைக்ரோடெசுலா அளவுள்ள புவிக்காந்தப்புலத்தில் இதன் காந்த ஆற்றல் சுமார் 3 × 10⁻²¹ சூல் ஆகும். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் மோதலால் ஏற்படும் வெப்ப ஆற்றலின் அளவோ சுமார் 4 × 10⁻²¹ சூல். எனவே ஒற்றைப் படிகத்தை வெப்ப அசைவுகள் எளிதில் திசைமாற்றிவிடும். 20 படிகங்கள் ஒரே வரிசையில் அமையும்போது காந்த ஆற்றல் வெப்ப ஆற்றலைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு ஆகிறது. அப்போது உயிரணு முழுவதும் காந்தமுள்போல் திரும்புகிறது. இவ்வரிசை கலையாமல் இருக்க, மாம்கே என்னும் இழைப் புரதமும் மாம்ஜே என்னும் இணைப்புப் புரதமும் உதவுகின்றன என்பது 2006 இல் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது.

மின்வேதியியல் அடிப்படை

ஒரு வேதிப்பொருள் எதிர்மின்னிகளை இழப்பது ஆக்சிசனேற்றம் என்றும், பெறுவது ஒடுக்கம் என்றும் அழைக்கப்படும். எதிர்மின்னிகளை ஏற்கும் நாட்டத்தை மின்னழுத்தமாக வோல்ட்டில் குறிப்பது வழக்கம். பிஎச் 7 உள்ள நடுநிலைக் கரைசலில் சில இணைகளின் திட்ட மின்னழுத்தங்கள் வருமாறு:

- ஐதரசன் அயனி, ஐதரசன் வளிமம்: −0.41 வோல்ட்டு
- என்ஏடி துணைநொதியின் இரு வடிவங்கள்: −0.32 வோல்ட்டு
- சல்பேட்டு, ஐதரசன் சல்பைடு அயனி: −0.22 வோல்ட்டு
- நைட்ரேட்டு, நைட்ரைட்டு: +0.43 வோல்ட்டு
- ஆக்சிசன், நீர்: +0.82 வோல்ட்டு

எதிர்மின்னிகள் பட்டியலின் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. எடுத்துக்காட்டாக, உணவிலிருந்து பெற்ற எதிர்மின்னிகளை என்ஏடி துணைநொதி ஆக்சிசனுக்கு வழங்கினால் மின்னழுத்த வேறுபாடு 1.14 வோல்ட்டு ஆகும். இரண்டு எதிர்மின்னிகள் மாறுவதால், ஒரு மோலுக்குச் சுமார் 220 கிலோசூல் ஆற்றல் கிடைக்கிறது. ஆக்சிசனுக்குப் பதிலாக நைட்ரேட்டுக்கு வழங்கினால் வேறுபாடு 0.75 வோல்ட்டாகவும், ஆற்றல் சுமார் 145 கிலோசூலாகவும் குறைகிறது. பாக்டீரியாவின் சுவாசச் சங்கிலி இவ்வாற்றலைக் கொண்டு புரோத்தன்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப உள்ளே பாயும் விசையே ஏடிபி தயாரிக்கவும் கசையிழையைச் சுழற்றவும் பயன்படுகிறது. ஆகவே காந்தநாட்டப் பாக்டீரியாவை நீந்தச் செய்யும் விசையும் மின்வேதியியல் விசையே ஆகும். புவிக்காந்தப்புலம் அதனை இழுத்துச் செல்வதில்லை. இறந்த உயிரணுக்களும் காந்தப்புலத்தில் திசை திரும்புகின்றன, ஆனால் நீந்துவதில்லை என்பது இதற்குச் சான்றாகும்.

வண்டல் என்னும் மின்கலம்

நீர்நிலையின் அடிவண்டலில் ஆக்சிசன் பெரும்பாலும் மேலுள்ள சில மில்லிமீட்டர் ஆழம் வரை மட்டுமே ஊடுருவுகிறது. அதற்குக் கீழே நைட்ரேட்டு, ஆக்சிசனேற்றம் பெற்ற இரும்பு, சல்பேட்டு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் செலவாகின்றன. அடியிலிருந்து ஐதரசன் சல்பைடும், கரையும் இருமதிப்பு இரும்பு அயனிகளும் மேல்நோக்கி விரவுகின்றன. மேலே எதிர்மின்னிகளை ஏற்பவையும் கீழே எதிர்மின்னிகளை வழங்குபவையும் இருப்பதால், வண்டலை இரு முனைகளும் இணைக்கப்படாத ஒரு மின்கலமாகக் கருதலாம். நுண்மின்முனைகளைச் செருகி அளந்தால், சில மில்லிமீட்டர் தொலைவிலேயே மின்னழுத்தம் பெரிதும் மாறுவதைக் காணலாம்.

காந்தநாட்டப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இவ்விரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையிலேயே கூடுகின்றன. இவற்றுக்கு ஆக்சிசன் சிறிதளவே தேவை, மிகுதியானால் தீங்கு. கீழிருந்து வரும் சல்பைடை ஆக்சிசனேற்றி, அவ்வாற்றலால் கரிமவளியை உணவாக மாற்றும் கடல்வாழ் இனங்களும் இவற்றுள் உண்டு.

இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வைக் கண்ட உயிரிகளும் உள்ளன. 2012 இல் தென்மார்க்கு ஆய்வாளர்கள் விவரித்த கம்பிவடப் பாக்டீரியாக்கள், ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் தொடராக இணைந்த நீண்ட இழைகளாக வளர்ந்து, எதிர்மின்னிகளை ஒரு சென்டிமீட்டருக்கும் மேலான தொலைவுக்குக் கடத்துகின்றன. அவை மின்கலத்தின் இரு முனைகளுக்கும் இடையே கம்பி இழுக்கின்றன. காந்தநாட்டப் பாக்டீரியாக்களோ இரு முனைகளும் நெருங்கும் இடத்தைத் தேடிச் செல்கின்றன.

திசையறிதலும் மின்னழுத்தமும்

எல்லையைக் கண்டடைய நீரில் எல்லாத் திசைகளிலும் தேடுவது காலத்தையும் ஆற்றலையும் வீணாக்கும். வட அரைக்கோளத்தில் புவிக்காந்தப்புலக் கோடுகள் வடக்கு நோக்கிச் செல்லும்போது கீழ்நோக்கிச் சரிந்துள்ளன. தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிச் செல்வது கீழ்நோக்கிச் செல்வதாகும். காந்தப்புலக் கோட்டைப் பற்றிச் செல்லும் பாக்டீரியாவுக்கு முத்திசைத் தேடல், முன்னும் பின்னுமான ஒருதிசைத் தேடலாகச் சுருங்கிவிடுகிறது. அக்கோட்டில் எங்கே நிற்பது என்பதை ஆக்சிசனின் அளவும் சுவாசச் சங்கிலியின் நிலையும் முடிவு செய்கின்றன. இவ்வாறு காந்தமும் ஆக்சிசன் உணர்வும் சேர்ந்து செயற்படுவது காந்த-ஆக்சிசன்நாட்டம் எனப்படுகிறது.

பிளேக்மோரும் பிறரும் 1980 இல் நியூசிலாந்திலும் ஆசுத்திரேலியாவின் தாசுமேனியாவிலும் தெற்கு நோக்கி நீந்தும் பாக்டீரியாக்களைக் கண்டனர். காந்தப்புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக உள்ள பிரேசிலின் போர்த்தலேசா பகுதியில் இருவகையும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. இவை மேற்கூறிய விளக்கத்துக்கு வலுச் சேர்த்தன.

எனினும் 2006 இல் மாசச்சூசெட்சிலுள்ள ஒரு கடற்கரைக் குட்டையில், வட அரைக்கோளத்திலேயே தெற்கு நோக்கி நீந்தும் பாக்டீரியாக்கள் பெருமளவில் இருப்பது அறிவிக்கப்பட்டது. அவற்றின் விகிதம் நீரின் ஆக்சிசனேற்ற-ஒடுக்க மின்னழுத்தத்துடன் தொடர்புற்றிருந்தது. அதாவது, வடக்கா தெற்கா என்பதைப் பாக்டீரியா எந்த அரைக்கோளத்தில் உள்ளது என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. அதைச் சூழ்ந்துள்ள நீரின் மின்வேதியியல் நிலைக்கும் அதில் பங்குண்டு. வடக்கு நோக்கிச் செல்வது என்பது ஆக்சிசனிலிருந்து விலகிக் கீழே செல்வது என்ற எளிய விளக்கம் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்தியது.

படிகம் உருவாகும் முறை

மேக்னடைட்டில் ஒவ்வோர் இருமதிப்பு இரும்பு அயனிக்கும் இரண்டு மும்மதிப்பு இரும்பு அயனிகளும் நான்கு ஆக்சிசன் அணுக்களும் உள்ளன. இவ்வயனிகள் எட்டு ஐதராக்சைடு அயனிகளுடன் சேர்ந்தால் ஒரு மேக்னடைட்டு அலகும் நான்கு நீர் மூலக்கூறுகளும் கிடைக்கும். எனவே படிகம் உருவாக ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் சரியாக அமைய வேண்டும். இரும்பு முழுவதும் ஆக்சிசனேற்றம் அடைந்தால் துரு போன்ற பொருள்களே உருவாகும். முழுவதும் ஒடுக்கப்பட்ட நிலையில் இருந்தால் மேக்னடைட்டு உருவாகாது. மின்னழுத்தம் இடைப்பட்ட ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

இவ்விகிதத்தைப் பேணுவதில் பல புரதங்கள் பங்கேற்கின்றன. மாம்பி, மாம்எம் ஆகியவை இரும்பைக் காந்தவுடலத்தினுள் செலுத்துவதில் பங்குபெறுகின்றன. சில புரதங்கள் சைட்டோகுரோம்களைப் போன்று, ஈம் என்னும் இரும்புத் தொகுதியைக் கொண்ட பகுதிகளை உடையவை. இப்பகுதிகள் காந்தக்குரோம்கள் எனப்படுகின்றன. அவற்றுள் ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பு 2013 இல் வெளியிடப்பட்டது. அது இருமதிப்பு இரும்பை மும்மதிப்பு இரும்பாக ஆக்சிசனேற்றும் திறன் உடையது என்றும் காட்டப்பட்டது.

சுவாசச் சங்கிலியும் இதில் தொடர்புடையது. எம்எஸ்ஆர்-1 வகையில் நைட்ரேட்டை ஒடுக்கும் நொதியின் மரபணுவை நீக்கினால், ஆக்சிசன் இல்லாத சூழலில் நைட்ரேட்டைச் சுவாசிக்க இயலாமல் போவதுடன், ஆக்சிசன் குறைந்த நிலையில் உருவாகும் படிகங்களும் குறைபாடு உடையவையாகின்றன என 2012 இல் அறியப்பட்டது. சுவாசமும் படிகமாக்கலும் ஒரே எதிர்மின்னி ஓட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை இது காட்டுகிறது.

ஆக்சிசனின் அளவும் முக்கியமானது. 2003 இல் வெளியான ஆய்வின்படி, எம்எஸ்ஆர்-1 ஆக்சிசன் அழுத்தம் 20 மில்லிபாருக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே மேக்னடைட்டை உருவாக்குகிறது, 0.25 மில்லிபார் அளவில் மிகச் சிறப்பாக உருவாக்குகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிசன் அழுத்தம் சுமார் 210 மில்லிபார் ஆகும். எனவே ஆய்வகத்தில் நன்றாகக் காற்றூட்டி வளர்த்தால் பாக்டீரியா பெருகும், ஆனால் காந்தம் இராது.

படிகம் ஒரு மின்சேமிப்புக் கலமா?

மேக்னடைட்டில் அடுத்தடுத்த இருமதிப்பு, மும்மதிப்பு இரும்பு அயனிகளுக்கு இடையே எதிர்மின்னிகள் தாவிச் செல்ல இயலும். இதனால் அது ஆக்சைடுகளுள் நன்கு மின்கடத்தும் ஒன்றாக உள்ளது. அது எதிர்மின்னிகளை வழங்கவும் ஏற்கவும் வல்லது. 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளியில் வாழும் ஒரு பாக்டீரியா பகலில் மேக்னடைட்டிலிருந்து எதிர்மின்னிகளை எடுத்துக்கொண்டது. சியோபாக்டர் என்னும் பாக்டீரியா இரவில் அதே படிகங்களில் எதிர்மின்னிகளைத் திரும்ப ஏற்றியது. மேக்னடைட்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றப்படும் கலமாகச் செயற்பட்டது என ஆய்வாளர்கள் விளக்கினர்.

ஆனால் அவ்வாய்வில் படிகங்கள் உயிரணுக்களுக்கு வெளியே இருந்தன. காந்தநாட்டப் பாக்டீரியாவில் படிகம் சவ்வினால் மூடப்பட்டுள்ளது. மேலும், அதன் கொள்திறனையும் கணக்கிடலாம். 50 நானோமீட்டர் படிகத்தில் சுமார் 17 லட்சம் மேக்னடைட்டு அலகுகள் உள்ளன. ஒவ்வோர் அலகும் ஓர் எதிர்மின்னியை வழங்கக்கூடும். 20 படிகங்கள் சேர்ந்து 3.4 கோடி எதிர்மின்னிகளை வழங்கும். ஓர் உயிரணு சுவாசத்துக்கு விநாடிக்கு 10 லட்சம் எதிர்மின்னிகளைச் செலவிடுகிறது எனக் கொண்டால், இச்சேமிப்பு 34 விநாடிகளில் தீர்ந்துவிடும். அவ்வாறு தீர்ந்தால் மேக்னடைட்டு மேக்கமைட்டு என்னும் வேறொரு கனிமமாக மாறும். எனவே காந்தவுடலத்தின் முதன்மைப் பணி ஆற்றலைச் சேமிப்பது என்று கருத இடமில்லை.

காந்தவுடலத்துக்கு வேறொரு மின்வேதியியல் பயன் இருக்கலாம். உயிரணுவில் கட்டற்ற நிலையில் உள்ள இருமதிப்பு இரும்பு, ஐதரசன் பெராக்சைடுடன் வினைபுரிந்து தீங்கான ஐதராக்சில் உறுப்பை உருவாக்கும். 1894 இல் என்றி பெண்டன் விவரித்த வினை இதற்கு அடிப்படையாகும். இரும்பைப் படிகத்தில் பூட்டி வைப்பது இத்தீங்கைக் குறைக்கும். மேக்னடைட்டு நுண்துகள்கள் பெராக்சிடேசு நொதியைப் போலச் செயற்படுகின்றன என்பது 2007 இலும், காந்தவுடலங்கள் எம்எஸ்ஆர்-1 உயிரணுவினுள் வினைமிகு ஆக்சிசன் வகைகளைக் குறைக்கின்றன என்பது 2012 இலும் வெளியிடப்பட்டன.

மின்முனைகளுடன் தொடர்பு

பாக்டீரியாவிடமிருந்து மின்சாரம் பெறும் கருவி நுண்ணுயிர் எரிபொருட்கலம் எனப்படும். இங்கிலாந்தின் தர்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பாட்டர், நுண்ணுயிர்களிடமிருந்து மின்னோட்டம் கிடைப்பதை 1911 இல் விவரித்தார். இக்கலத்தில் பாக்டீரியா, உணவிலிருந்து பெறும் எதிர்மின்னிகளை ஆக்சிசனுக்கு வழங்காமல் ஒரு மின்முனைக்கு வழங்குகிறது. விநாடிக்கு 10 லட்சம் எதிர்மின்னிகள் என்பது 0.16 பிக்கோஆம்பியர் மின்னோட்டம் ஆகும். ஒரு மில்லிஆம்பியர் பெற அவ்வாறான 625 கோடி உயிரணுக்கள் தேவைப்படும்.

இதில் சிறந்து விளங்குபவை சியோபாக்டர், செவானெல்லா ஆகிய பேரினங்கள் ஆகும். இவற்றின் சைட்டோகுரோம் புரதங்கள் வெளிச்சவ்வு வரை நீண்டு, உயிரணுவுக்கு வெளியே எதிர்மின்னிகளைக் கடத்துகின்றன. சியோபாக்டர் வெளியிலுள்ள இரும்பு ஆக்சைடை ஒடுக்கி மேக்னடைட்டை உருவாக்குகிறது என்று தெரெக் இலவ்லியும் பிறரும் 1987 இல் காட்டினர். இது காந்தநாட்டப் பாக்டீரியா அன்று. அதன் படிகங்கள் உடலுக்கு வெளியே, ஒழுங்கற்ற அளவுகளில் உருவாகின்றன. அவை அதற்குத் திசைகாட்டுவதில்லை. இவ்விரு வகைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காந்தநாட்டப் பாக்டீரியாக்களிலும் இரும்பை ஒடுக்கும் திறன் உண்டு. மும்மதிப்பு இரும்பை ஒடுக்குவதும் இருமதிப்பு இரும்பை ஆக்சிசனேற்றுவதும் எம்எஸ்-1 வகையின் வளர்ச்சியுடனும் மேக்னடைட்டு உருவாக்கத்துடனும் தொடர்புடையவை என 1992 இல் அறிவிக்கப்பட்டது.

பொதுவான தவறான கருத்துகள்

- காந்தப் படிகம் பாக்டீரியாவுக்கு மின்சாரம் அளிப்பதில்லை. நிலையான காந்தம் தானாக ஆற்றலை வெளியிடாது.
- கம்பிச்சுருளின் வழியே காந்தநாட்டப் பாக்டீரியாக்களை ஓடவிட்டு மின்னழுத்தம் பெறும் சோதனைகள் செய்யப்பட்டுள்ளன. அவை பாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதியின்படி நடைபெறுபவை. அங்கு மின்னாற்றலாக மாறுவது நீரைத் தள்ளும் எக்கியின் இயக்க ஆற்றலே அன்றி, பாக்டீரியாவின் வேதியாற்றல் அன்று.
- நுண்ணுயிர் எரிபொருட்கலத்தில் மின்சாரம் கிடைத்தால் அதற்குக் காந்தவுடலமே காரணம் என முடிவு செய்ய இயலாது. காந்தவுடலம் உள்ள வகையையும், மரபணு நீக்கத்தால் அதை இழந்த வகையையும் ஒரே நிலைமைகளில் ஒப்பிட்டால் மட்டுமே காந்தவுடலத்தின் பங்கை அறியலாம்.

முக்கியத்துவம்

இரும்பும் ஆக்சிசனும் ஒன்றையொன்று சந்திக்கும் மெல்லிய எல்லையில் வாழும் இவ்வுயிரிகள், இயற்கையில் இரும்பு, நைதரசன், கந்தகம் ஆகியவற்றின் சுழற்சிகளில் பங்குகொள்கின்றன. இறந்தபின் இவற்றின் படிகங்கள் வண்டலில் தங்கி, பண்டைய புவிக்காந்தப்புலத்தின் பதிவாகவும் அக்கால நீரில் இருந்த ஆக்சிசன் நிலையின் சான்றாகவும் அமைகின்றன. ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட படிகங்களை அறை வெப்பநிலையில், நஞ்சற்ற முறையில் உருவாக்கும் இவற்றின் திறன், மருத்துவத்திலும் நுண்துகள் தொழில்நுட்பத்திலும் ஆராயப்பட்டு வருகிறது. ஆய்வகத்தில் அதே தரமான படிகத்தைப் பெற விரும்புவோர் முதலில் கட்டுப்படுத்த வேண்டியது காந்தப்புலத்தை அன்று. ஆக்சிசனின் அளவையும் அதனால் அமையும் மின்னழுத்தத்தையுமே ஆகும்.